ஆறு மென்பொருள், ஒரே ஆலை: எதை இணைப்பது, எதில் கையெழுத்துப் போடுவது?

கொங்குப் பகுதியில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில், 11 வருடமாக ஈ.டி.பி. என்ற கம்ப்யூட்டர் பிரிவைத் தனி ஆளாகப் பார்த்துவரும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

அங்கே ஆறு மென்பொருள்கள் ஓடுகின்றன. மெர்ச்சண்டைசர்கள் ஆர்டர் போடுவது விஷுவல் பேசிக்கில் எழுதிய பழைய புரோகிராமில். நூல், துணி ஸ்டோர்ஸ் கணக்கு வெளிக் கம்பெனி ஒன்று செய்துகொடுத்த மென்பொருளில், ஆரக்கிள் டேட்டாபேஸில். கட்டிங் முதல் பேக்கிங் வரையிலான பீஸ் எண்ணிக்கை மூன்றாவதில். வருகைப் பதிவுக்கு விரல்ரேகைக் கருவியோடு வந்த மென்பொருள். வாரச் சம்பளம் மைக்ரோசாஃப்டின் பழைய டேட்டாபேஸ் மென்பொருளான ஃபாக்ஸ்புரோவில். வரவுசெலவுக் கணக்கு டாலி மென்பொருளில். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் இந்தச் சகோதரி ஒன்றிலிருந்து எக்ஸெல் எடுத்து அடுத்ததில் ஏற்றுகிறார். போன மார்கழியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. எது போனது, எது போகவில்லை என்று தெரியாமல் முழுவதையும் மறுபடி ஏற்றியதில் டாலியில் 38 பதிவுகள் இரட்டையாகிவிட்டன. மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸ்தான் கண்டுபிடித்தது.

இப்போது முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்திருக்கிறார். அவரிடம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வந்து, "ஸ்டாண்டர்டுபடி அமைந்த அப்ளிகேஷன் சர்வர் ஒன்றைப் போட்டுவிட்டால் எல்லா மென்பொருளும் தானாகப் பேசிக்கொள்ளும். எங்களைப் பிடிக்காவிட்டால் நாளைக்கே வேறு சர்வருக்கு அப்படியே மாறிக்கொள்ளலாம். ஃபாக்ஸ்புரோவை மட்டும் தூக்கிப் போட்டுவிட வேண்டும்" என்று சொல்லியிருக்கிறது. ஸ்டோர்ஸ் மென்பொருள்காரர்களோ, "எங்கள் டேட்டாபேஸைத் தொட்டால் கேஸ் போடுவோம்" என்கிறார்கள். தொழில்நுட்ப ஒப்புதல் என்று ஒரு தாளில் சகோதரியின் கையெழுத்தையும் கேட்கிறார்கள். அவர் முக்கியமாகக் கேட்பது நான்கு: அந்தக் கம்பெனி சொல்வது உண்மையா? பழையதையெல்லாம் தூக்க வேண்டுமா? கேஸ் போட முடியுமா? எல்லாம் தானாக ஓட ஆரம்பித்தால் எனக்கு என்ன வேலை?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முதலில் அந்த 38 பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. "என் கவனக்குறைவு" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது கவனக்குறைவு இல்லை. பாதியில் நின்ற வேலை எதுவரை முடிந்தது என்று சொல்லும் வசதி எக்ஸெல் ஏற்றும் முறையில் கிடையாது. எவ்வளவு கவனமானவரை உட்காரவைத்தாலும் அந்த ராத்திரி அதுதான் நடந்திருக்கும். உங்கள் ஆலைக்கு இணைப்பு வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. எனவே சின்ன முதலாளி ஆசைப்படுவது சரியான விஷயத்துக்குத்தான். அதற்குக் கேட்கும் விலையும் சொல்லப்படும் வாக்குறுதியும்தான் யோசிக்கவேண்டியவை.

ஸ்டாண்டர்டு எதற்கு உத்தரவாதம் தருகிறது?

அப்ளிகேஷன் சர்வர் என்றதும் உங்கள் முதலாளி புதிதாக ஒரு பெரிய கம்ப்யூட்டர் வாங்கவேண்டும் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது இயந்திரம் இல்லை, இருக்கிற சர்வர் கம்ப்யூட்டரிலேயே ஓடக்கூடிய ஒரு மென்பொருள். டேட்டாபேஸோடு பேசுவது, செய்திகளை வரிசையில் வைத்து அனுப்புவது, ஒரு வேலை முழுதாக முடிந்ததா என்று பார்த்துக்கொள்வது, யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பது போன்ற, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வேலைகளை அது பார்த்துக்கொள்ளும். உங்கள் புரோகிராமர் உங்கள் ஆலைக்கான விதிகளை மட்டும் எழுதினால் போதும்.

1990களின் கடைசியில் இந்த சர்வர்களைச் செய்த ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் செய்தது. 1999 டிசம்பரில், ஜாவா மொழியில் எழுதும் நிறுவன மென்பொருள்களுக்காக வந்த ஜே2ஈஈ 1.2 என்ற ஸ்டாண்டர்டுத் தொகுப்புதான் எல்லாருக்கும் ஒரே வாய்ப்பாட்டைக் கொடுத்தது. 2001இல் வந்த 1.3இல், பழைய வணிக மென்பொருள்களை ஒட்டவைக்கும் கனெக்டர் முறையும் சேர்ந்தது. 2006இல் அதன் பெயர் ஜாவா ஈஈ ஆனது. 2017இல் அதை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் என்ற பொது அமைப்பிடம் ஒப்படைக்க, அப்போது அதை வைத்திருந்த ஆரக்கிள் கம்பெனி முடிவுசெய்தது, அடுத்த வருடம் ஜகார்த்தா ஈஈ என்ற பெயர் வந்தது. வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ், வைல்ட்ஃபிளை, ஓப்பன் லிபர்ட்டி, பயாரா என்று நீங்கள் கேள்விப்படுகிற பெயர்கள் எல்லாம் இந்த வாய்ப்பாட்டின்படி செய்யப்பட்டவையே.

இந்த ஸ்டாண்டர்டு எதைச் சீராக்குகிறது என்பதை உங்கள் பேக்கிங் ஹாலில் வைத்தே பார்க்கலாம். கன்டெய்னரின் அளவுகள் உலகம் முழுக்க ஒரே வாய்ப்பாட்டின்படி. தூத்துக்குடியில் ஏற்றினால் ஐரோப்பாவில் எந்தத் துறைமுகத்திலும் இறக்கிவிடலாம். ஆனால் உள்ளே போனது மீடியமா, லார்ஜா, நேவியா, கறுப்பா என்று கன்டெய்னருக்குத் தெரியாது. அது பேக்கிங் லிஸ்டில் இருக்கிறது, அந்த லிஸ்டை எழுதியவர் சரியாக எழுதியிருந்தால். அப்ளிகேஷன் சர்வரும் இந்தக் கன்டெய்னரைப் போலத்தான். செய்தி சேதமில்லாமல் போய்ச் சேருவதற்கு அது பொறுப்பு. செய்தியில் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்பதற்கு அது பொறுப்பில்லை.

உங்கள் கடிதத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. குழந்தைகளுக்கான நைட் சூட் ஆர்டர்: மெர்ச்சண்டைசர் 5,000 செட் என்று போடுகிறார். உற்பத்தி மென்பொருளில் சட்டை தனி, பேன்ட் தனி, அங்கே அது 10,000 பீஸ். ஸ்டோர்ஸில் அதே ஆர்டருக்குத் துணி கிலோவில். நிறம் ஆர்டரில் "நேவி", ஸ்டோர்ஸில் "டார்க் ப்ளூ", டையிங் யூனிட்டின் டெலிவரி சலானில் ஷேட் நம்பர் மட்டும். "5,000" என்ற எண்ணை எந்த சர்வரும் கச்சிதமாகக் கொண்டுபோய் உற்பத்தி மென்பொருளில் போட்டுவிடும். போட்ட மறுநாள் பாதி பேன்ட்டைக் காணவில்லை என்று ஃப்ளோரில் சண்டை வரும். ஆறு மென்பொருளுக்கும் பொதுவாக, செட் என்றால் என்ன, பீஸ் என்றால் என்ன, ஸ்டைல் நம்பரை எப்படி எழுதுவது, ஒரு ஆர்டர் எப்போது முடிந்ததாகக் கணக்கு என்றெல்லாம் ஒரு பட்டியல் எழுதவேண்டும். "தானாகப் பேசிக்கொள்ளும்" என்று சொன்னவர்களிடம் அந்தப் பட்டியல் இல்லை. இந்த வேலையில் பாதிக்கு மேல் அதுதான். நான் பார்த்தவரை நின்றுபோன திட்டங்கள் பெரும்பாலும் சர்வரால் நிற்கவில்லை, இந்தப் பட்டியலை எழுதாமல் ஆரம்பித்ததால் நின்றன.

"வேறு சர்வருக்கு அப்படியே மாறலாம்" என்பது

பாதி உண்மை. வாய்ப்பாட்டுக்குள்ளேயே எழுதப்பட்ட புரோகிராமைக் குறைந்த வேலையில் மாற்ற முடியும். ஆனால் ஒவ்வொரு சர்வரும் தன் பங்குக்குச் சில கூடுதல் வசதிகளைத் தரும், புரோகிராமர்கள் அவசரத்துக்கு அவற்றில் கை வைப்பார்கள். அதோடு, 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9இல் புரோகிராம் தொகுப்புகளின் பெயர்களே மாறிவிட்டன. அதற்கு முந்தைய பதிப்புக்கு எழுதியது அதற்குப் பிந்தைய சர்வரில் அப்படியே ஓடாது. மாற்றித்தரும் கருவிகள் உண்டு என்றாலும், மாற்றிய பிறகு எல்லாவற்றையும் சோதித்தாகவேண்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள். ஜகார்த்தா ஈஈயில் முழுத் தொகுப்பு ஒன்று, வெப் புரொஃபைல் என்ற சிறிய தொகுப்பு ஒன்று என்று இருக்கின்றன. உங்களுக்கு மிகவும் வேண்டிய செய்தி வரிசையும் கனெக்டரும் சிறிய தொகுப்பில் கட்டாயம் இல்லை. "ஸ்டாண்டர்டுக்கு உட்பட்டது" என்று சொல்லிச் சிறியதைக் கொடுத்தாலும் அவர்கள் சொன்னது பொய்யாகாது. எந்தப் பதிப்பு, எந்தத் தொகுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். டாம்கேட் என்று ஏதாவது காகிதத்தில் இருந்தால், அது நல்ல மென்பொருள்தான், ஆனால் முழு அப்ளிகேஷன் சர்வர் இல்லை.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

இதைத்தான் நீங்கள் மிகவும் கவலையோடு கேட்டிருக்கிறீர்கள். "இனி ஒன்று முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது என்கிறார்கள், அப்படியா?" என்று. அவர்கள் சொல்வது இரண்டு கட்ட உறுதி என்ற முறை. சர்வர் முதலில் எல்லா டேட்டாபேஸையும் "தயாரா?" என்று கேட்கும். எல்லாரும் "தயார்" என்றால் "பதிந்துகொள்" என்று சொல்லும். ஒருவர் "இல்லை" என்றாலும் எல்லாருமே கைவிட்டுவிடுவார்கள். 1991இல் எக்ஸ்ஏ என்ற பெயரில் வகுக்கப்பட்ட ஏற்பாடு, நம்பகமானது. ஆரக்கிள் டேட்டாபேஸுக்கு அது தெரியும், மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸுக்கும் தெரியும்.

டாலிக்கும் ஃபாக்ஸ்புரோவுக்கும் தெரியாது. அவை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் விதத்தில் செய்யப்பட்டவை அல்ல. டாலிக்கு வெளியிலிருந்து பதிவு அனுப்புவது எக்ஸ்எம்எல் என்ற டெக்ஸ்ட் வடிவில், வழக்கமாக 9000 என்ற போர்ட் (கம்ப்யூட்டருக்குள் தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியாக. அனுப்பும் நேரத்தில் டாலி திறந்திருக்க வேண்டும், உங்கள் கம்பெனிக் கணக்கும் திறந்திருக்க வேண்டும். அந்த போர்ட்டை ஆலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். பதிலாக டாலி ஒரு எண்ணிக்கை தரும்: இத்தனை புதிதாக உருவானது, இத்தனை மாற்றப்பட்டது, இத்தனை பிழை. லெட்ஜர் பெயரில் ஒரு எழுத்து வேறாக இருந்தாலும் பிழைக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். செய்தி போய்ச் சேர்ந்ததும் பதிவானதும் வேறு வேறு. அந்த எண்ணிக்கையைப் படிக்காமல் "அனுப்பிவிட்டேன்" என்று பச்சை விளக்குப் போடும் புரோகிராம்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் உங்கள் ஆலைக்குச் சரியான வழி வேறு. ஒவ்வொரு பதிவையும் சர்வர் முதலில் ஒரு செய்தி வரிசையில், டிஸ்கில், எழுதிவைக்கட்டும். கரண்ட் போனாலும் அது அங்கே இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து டாலிக்கு அனுப்பட்டும். பதில் வந்தால்தான் வரிசையிலிருந்து நீக்கவேண்டும். பதில் வரவில்லை என்றால் மறுபடி அனுப்பும். மறுபடி அனுப்பினால் இரட்டையாகாதா? அதற்குத்தான் ஒவ்வொரு பதிவுக்கும் பிறக்கும்போதே மாறாத ஒரு அடையாள எண் வேண்டும். எது ஏற்கெனவே பதிவானது என்று ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலில் குறிப்பதற்கு ஒரு நொடி முன்னால் கரண்ட் போயிருக்கலாம் என்பதால், சந்தேகம் வந்த பதிவை மறுபடி அனுப்பும் முன் அந்த எண்ணோடு டாலியில் ஏற்கெனவே ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கவேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு முறைதான் பதிவாகவேண்டும் என்ற இந்த ஒரு விதி இருந்திருந்தால் அந்த மார்கழி ராத்திரி நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

இது உங்களுக்குப் புதிதில்லை. ஜிஎஸ்டி பில்களைப் பதிவுசெய்யும் ஈ-இன்வாய்ஸ் போர்ட்டல் இதைத்தான் செய்கிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, பில் எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து 64 எழுத்து நீளமுள்ள ஐ.ஆர்.என். என்ற பில் அடையாள எண் உருவாகிறது. அதே பில்லை மறுபடி அனுப்பினால் "ஏற்கெனவே இருக்கிறது" என்று திருப்பிவிடுகிறது. அதே ஒழுங்கை ஆலைக்குள்ளும் கொண்டுவரச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பல முறை அனுப்பியும் ஏறாத செய்திகள் ஒரு தனி வரிசைக்குப் போகும். டெட் லெட்டர் க்யூ என்பார்கள். முகவரி கண்டுபிடிக்க முடியாத கடிதங்களுக்குத் தபால் துறை வைத்திருந்த பெயர் அது. தினமும் காலையில் அந்த வரிசையைத் திறந்து பார்ப்பது யார் என்று இப்போதே முடிவுசெய்யுங்கள். ஒருவரும் பார்க்காத டெட் லெட்டர் க்யூ, ஆடிட்டர் வந்து கண்டுபிடிக்கும் தவறுகளின் கிடங்கு.

ஃபாக்ஸ்புரோவைத் தூக்கவேண்டுமா?

இப்போது வேண்டாம். விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு 9க்குப் பிறகு பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007இலேயே சொல்லிவிட்டது, ஆதரவும் 2015 ஜனவரியோடு முடிந்தது. அதனால் ஒருநாள் மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் சனிக்கிழமைதோறும் 640 பேர் கையில் சரியான சம்பளத்தைக் கொடுக்கும் புரோகிராமை, இணைப்பு வேலையின் முதல் நாளே பிடுங்குவது புத்திசாலித்தனம் இல்லை. பீஸ் ரேட், ஓவர்டைம், அட்வான்ஸ் பிடித்தம், தீபாவளி போனஸ் என்று உங்கள் ஆலையின் எழுதப்படாத விதிகளெல்லாம் அதற்குள் இருக்கின்றன.

அதை இணைக்கும் வழி எளிது. சர்வர் நேராக அந்தக் கோப்புகளுக்குள் கை வைக்கவேண்டாம். சம்பளப் பிரிவு அவற்றைத் திறந்துவைத்திருக்கும் நேரத்தில் பூட்டு, இண்டெக்ஸ் என்று தொல்லை வரும். வருகைக் கணக்கை ஒரு டெக்ஸ்ட் கோப்பாக ஒரு ஃபோல்டரில் சர்வர் வைக்கட்டும், ஃபாக்ஸ்புரோ புரோகிராம் அதைப் படித்துக்கொள்ளட்டும். முடிந்த சம்பளத்தை அதேபோல வெளியே எழுதட்டும். எழுதும்போது தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்ததும் சரியான பெயருக்கு மாற்றவேண்டும். அப்போதுதான் பாதி எழுதிய கோப்பை இன்னொருவர் எடுத்துப் போகமாட்டார். சம்பளம் வாரத்துக்கு ஒருமுறை, எனவே நொடிக்கு நொடி இணைப்பு அதற்குத் தேவையே இல்லை. எல்லாமே உடனுக்குடன் நடக்கவேண்டும் என்று காசைக் கொட்டாதீர்கள்.

தொழிலாளர் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சின்ன விஷயம் இல்லை. பாமினியில் நமக்குத் தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். அதில் "இ" இருக்கும் இடம் காற்புள்ளி. "ம்" எழுதினால் கடைசியில் ஒரு அரைப்புள்ளி வரும். ஒரு மில்லில் இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. காற்புள்ளியால் பிரித்த கோப்பில் சிலருடைய சம்பளம் மட்டும் ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இந்திரா, இளங்கோ, இசக்கியம்மாள், எல்லாம் "இ"யில் ஆரம்பிக்கும் பெயர்கள். கம்ப்யூட்டர் அந்த "இ"யைக் கட்டத்தின் எல்லை என்று நினைத்துவிட்டது. எனவே பெயர்களை முதலில், தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதுவரை கட்டங்களைப் பிரிக்க டேப் பயன்படுத்துங்கள். இணைப்புக்கு எப்போதும் பெயரை நம்பாமல் டோக்கன் நம்பரை நம்புங்கள். விரல்ரேகைக் கருவியிலிருந்து டோக்கன் நம்பரும் நேரமும் மட்டும் வெளியே வந்தால் போதும், ரேகைப் பதிவு அந்தக் கருவியைவிட்டு எங்கேயும் போகக்கூடாது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது என்பதும் சின்ன முதலாளிக்குத் தெரிந்திருக்கட்டும்.

கேஸ் போட முடியுமா?

நான் வழக்கறிஞர் இல்லை. ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும். ஆனால் இந்த மிரட்டலை நான் பலமுறை எதிர்கொண்டிருப்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த மென்பொருள் அவர்களுடையது. அதில் இருக்கும் நூல் கணக்கு உங்கள் நிறுவனத்துடையது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இல் 52(1)(ஏபி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. முறைப்படி வாங்கி வைத்திருப்பவர், தனியாக உருவாக்கப்பட்ட வேறொரு மென்பொருளோடு அதை இணைந்து இயங்கவைக்கத் தேவையான தகவலைப் பெறச் செய்யும் செயல்கள் பதிப்புரிமை மீறல் ஆகாது என்பது அதன் சாரம். ஆனால் அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்கக்கூடாது என்பது நிபந்தனை. எனவே முதல் வேலை, "எங்கள் தரவை வெளியே எடுக்க ஒரு வழி கொடுங்கள்" என்று அவர்களிடம் எழுத்தில் கேட்பது. கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. மறுத்தால் அந்தக் கடிதம் உங்கள் பக்கத்துக்கு பலம்.

கொடுத்தாலும் ஒன்றைச் செய்யாதீர்கள். படிப்பது வேறு, எழுதுவது வேறு. அவர்கள் டேட்டாபேஸ் டேபிளில் வெளியிலிருந்து நேராக எழுதினால், அவர்கள் வைத்திருக்கும் சரிபார்ப்புகளையெல்லாம் தாண்டிக் குதித்ததாகிவிடும். அதன்பிறகு எந்தத் தப்புக்கும் அவர்கள் பொறுப்பேற்கமாட்டார்கள், கேட்க நமக்கும் வாயிருக்காது. டாலி பக்கமும் இதே கவனம் வேண்டும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். இணைப்பு வழியாக வரும் பதிவுகளுக்கு டாலியில் தனியாக ஒரு பயனர் பெயர் வையுங்கள். உங்கள் பெயரில் வரக்கூடாது.

புதிய கம்பெனி எழுதப்போகும் இணைப்புப் புரோகிராம் யாருக்குச் சொந்தம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். காசு கொடுத்தால் நமக்குச் சொந்தம் என்றுதான் முதலாளிகள் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது நிறுவனத்துடையது. வெளியாள் எழுதியது, எழுத்தில் உரிமை மாற்றித் தராதவரை, அவருடையதே. எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் விட்டால் உரிமை மாற்றம் 5 வருடத்துக்கு மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

விலைப் பட்டியலில் மறைந்திருப்பது

அவர்கள் கொடுத்த விலைப் பட்டியலில் சர்வர் உரிமத்துக்குக் கீழே "ஜாவா" என்று ஒரு வரி, விலை எழுதாமல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே நில்லுங்கள். 2023 ஜனவரி முதல் ஆரக்கிளின் ஜாவா சந்தா, ஜாவாவைப் பயன்படுத்துபவர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கைதான் கணக்கு. உங்களிடம் ஜாவா ஓடப்போவது ஒரே சர்வரில் என்றாலும், தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் உட்பட 640 பேருக்கும் கணக்குப் போட இடம் இருக்கிறது. இதைத் தவிர்ப்பது சுலபம். எக்லிப்ஸ் டெமுரின் போன்ற ஓப்பன் ஜேடிகே (திறந்த மூல ஜாவா) தொகுப்புகள் இலவசம், நிறுவனப் பயன்பாட்டுக்கும் சரி. அதில்தான் நிறுவித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சர்வருக்கும் அதேதான் சொல்வேன். வங்கிக்குத் தேவைப்படும் விலையுயர்ந்த சர்வர் உங்களுக்குத் தேவையில்லை. வைல்ட்ஃபிளை அல்லது ஓப்பன் லிபர்ட்டி, செய்திகளுக்கு ஆக்டிவ்எம்க்யூ ஆர்ட்டெமிஸ், இவை உங்கள் அளவுக்குத் தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல ஒரு யுபிஎஸ்ஸிலும், அந்த அர்த்தப் பட்டியலை எழுத உங்களுக்குக் கிடைக்கவேண்டிய நேரத்திலும் போடச் சொல்லுங்கள்.

எங்கே தொடங்கலாம்?

ஆறு மென்பொருளையும் ஒன்றோடொன்று இணைத்தால் 15 இணைப்புகள். யாரும் அப்படிக் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். முதலில் ஒரே ஒரு பாதை: பேக்கிங் முடிந்ததிலிருந்து பில், பில்லிலிருந்து ஈ-இன்வாய்ஸ், அங்கிருந்து டாலி. காரணம், இதில்தான் காலக்கெடு கழுத்தைப் பிடிக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் 2023 ஆகஸ்ட் 1 முதல் ஈ-இன்வாய்ஸ் கட்டாயம். 10 கோடியும் அதற்கு மேலும் என்றால், 2025 ஏப்ரல் 1 முதல், பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போர்ட்டலில் ஏற்றவேண்டும். தப்பாகப் போனதைப் போர்ட்டலில் ரத்துசெய்ய 24 மணி நேரம்தான். இந்தப் பாதை இரண்டு மாதம் பிசகில்லாமல் ஓடட்டும். அந்த இரண்டு மாதமும் உங்கள் எக்ஸெலும் பக்கத்திலேயே ஓடட்டும். ராத்திரி இரண்டு பக்கத்தின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் ஒப்பிடுங்கள். ஒரு பைசா இடித்தாலும் காரணம் தெரியும்வரை அடுத்த பாதைக்குப் போகாதீர்கள். சம்பளத்தைக் கடைசியில் வையுங்கள், அதுவும் தீபாவளி போனஸ் முடிந்த பிறகு.

உங்கள் வேலை

எக்ஸெல் ஏற்றும் வேலை போய்விடும். அதை மறைக்கமாட்டேன். ஆனால் "டார்க் ப்ளூ"வும் "நேவி"யும் ஒன்றுதான் என்று அந்த ஆலையில் தெரிந்தவர் யார்? எந்த பையருக்குச் செட் கணக்கு, எந்த பையருக்குப் பீஸ் கணக்கு என்று யாருக்குத் தெரியும்? சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பும் பையன் மூன்று மாதத்தில் வேறு இடத்துக்குப் போய்விடுவான். அந்த அர்த்தப் பட்டியலை நீங்கள் எழுதுங்கள், உங்கள் பெயரைப் போட்டுத் தேதியோடு எழுதுங்கள், மாற்றம் வரும்போதெல்லாம் நீங்களே திருத்துங்கள். காலையில் டெட் லெட்டர் க்யூவைத் திறந்து பார்ப்பவரும் நீங்களாக இருங்கள். சர்வரைத் தொடங்க, நிறுத்த, பதிவேடு படிக்க உங்களுக்குப் பயிற்சி தருவதும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்கட்டும். 11 வருடமாகத் தனி ஆளாக இருக்கிறீர்கள். இன்னொருவரைப் பழக்கிவிட ஓர் ஆளைக் கேட்க இதுதான் சமயம், தயங்காமல் கேளுங்கள்.

கையெழுத்து விஷயம். தாளை அப்படியே ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். மறுத்தால் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பதாகச் சின்ன முதலாளிக்குப் படும். அவருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். இப்படி எழுதலாம்: "இணைப்பு அவசியம் என்பதே என் கருத்தும். கீழ்க்கண்டவை எழுத்தில் வந்ததும் கையெழுத்திடுகிறேன். சர்வரின் பதிப்பும் தொகுப்பும் எது என்ற விவரம். கட்டணமில்லாத ஜாவாவில்தான் நிறுவப்படும் என்ற உறுதி. நடுவில் கரண்ட் போனாலும் ஒரு பதிவும் விடுபடாது, இரட்டையாகாது என்பதை நம் ஆலையிலேயே செய்துகாட்டும் சோதனை. இணைப்புப் புரோகிராமின் சோர்ஸ் கோடும் உரிமையும் நம் நிறுவனத்துக்கு மாற்றப்படும் என்ற வாசகம்."

அந்தச் சோதனையின்போது, பதிவுகள் போய்க்கொண்டிருக்கும்போதே சர்வரின் பிளக்கை நீங்களே பிடுங்குங்கள். மறுபடி போட்டு, டாலியில் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். கடிதத்தின் நகல் ஒன்று, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தோடு, உங்கள் கோப்பில் இருக்கட்டும்.